பலூனுக்குப் பதில் 64 கவர்: எங்கள் அலுவலக ஃபன் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஃபன் கமிட்டி நண்பர்களுக்கு,

வணக்கம். நவம்பர் பிறந்துவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் நீங்கள் ஐந்து பேரும் கான்ஃபரன்ஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிறிஸ்துமஸ் பார்ட்டிக்குத் திட்டம் போட உட்காருவீர்கள். அதற்குள் இது உங்கள் கண்ணில் பட்டுவிட வேண்டும். மெயிலில் அனுப்பியிருக்கலாம்தான். போன வருடம் அனுப்பினேன். "நல்ல யோசனை மேம், நோட் பண்ணிக்கிறோம்" என்று பதில் வந்தது. அந்த நோட்டு எங்கே போனதோ, அதற்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. தவிர, இது நம் ஒரு அலுவலகத்துத் தொல்லையும் அல்ல. டைடல் பார்க்கில் தொடங்கி சிறுசேரி வரைக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் டிசம்பர் கடைசியில் ஒரு சீக்ரெட் சாண்டா நடக்கிறது, சீட்டில் வந்த பெயருக்கு யார் கொடுத்தது என்று காட்டாமல் பரிசு கொடுக்கும் ஆட்டம். அங்கே இருப்பவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன். கம்பெனி பெயரும் ஆட்கள் பெயரும் இதில் வராது, பயப்படாதீர்கள்.

போன வருடம் நீங்கள் அனுப்பிய அறிவிப்பில் ஒரு வரி இருந்தது: "பரிசின் மதிப்பு குறைந்தது 750 ரூபாய்." குறைந்தது! இதற்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்த பையன் ஒருவனுக்குச் சீட்டில் மேலாளர் பெயர் விழுந்தது. 750க்கு ஒன்றை வாங்கி அவர் கையில் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. "பெரியவங்களுக்குக் குடுக்கிறது மேம், சின்னதா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றான். 2,300 ரூபாய்க்குத் தோல் பர்ஸ் ஒன்று வாங்கினான். கையில் காசு இல்லை, போனில் இருக்கும் ஒரு செயலி கடன் கொடுத்தது, மூன்று தவணை. அவனுக்குப் பரிசாக வந்தது உலர்பழப் பெட்டி. பெட்டியின் அடியில் யாரோ ஒரு சப்ளையரின் தீபாவளி வாழ்த்து ஸ்டிக்கர் பாதி உரிந்த நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். மார்ச் மாதம் வரைக்கும் தவணை கட்டினான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

தேதியையும் கொஞ்சம் யோசியுங்கள். பார்ட்டி நடக்கும் 24 என்பது மாதக் கடைசி. கார்டைத் தேய்ப்பவர்களுக்கு இது உறைக்காது. வீட்டுக் கடன், ஏலச்சீட்டு, பிள்ளையின் வேன் கட்டணம் எல்லாம் முதல் வாரத்திலேயே சம்பளத்தை வழித்துக்கொண்டு போன வீட்டில், 24ஆம் தேதியின் 750 ரூபாய் அரை மூட்டை அரிசி.

நம் தளத்தில் 54 ஊழியர்கள். அது போக ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் ஐந்து பேர், செக்யூரிட்டி அண்ணன்கள் மூன்று பேர், பேன்ட்ரியில் இரண்டு பேர். இந்தப் பத்துப் பேரும் கான்ட்ராக்ட் என்பதால் சீட்டில் பெயர் கிடையாது. பார்ட்டி அன்று அவர்களும் அதே ஹாலில்தான் இருந்தார்கள், சுவரோரமாக நின்றபடி, நாம் கிழித்துப் போடும் தாளைப் பொறுக்குவதற்கு. ஒரு அக்காவிடம் நான், "நீங்களும் சேர்ந்திருக்கலாமே" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். "எழுநூத்தம்பது என் ஒண்ணரை நாள் கூலி மேடம்" என்றார், குப்பைப் பையின் வாயைக் கட்டிக்கொண்டே. அதற்கு மேல் நான் என்ன பேச?

நான் அக்கவுன்ட்ஸில் இருப்பவள். உங்கள் பில்கள் என் மேசை வழியாகத்தான் போகின்றன. வாசலில் நின்ற பலூன் வளைவும் பின்னால் தொங்கிய மினுமினுத் திரையும் சேர்ந்து 13,500 ரூபாய். நான்கு மணிக்குக் கட்டினார்கள், ஏழு மணிக்கு நாமே ஊசியால் குத்தி உடைத்தோம். இப்போது 54உடன் 10ஐக் கூட்டுங்கள், 64. ஆளுக்கு 200 ரூபாய் என்றால் 12,800. பலூனை விட்டுவிட்டால் 700 ரூபாய் மிச்சம்கூட இருக்கிறது, கேக் வெட்டும் கத்திக்கு ரிப்பன் கட்டிக்கொள்ளலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். டிசம்பர் முதல் வாரத்தில் 64 கவர், ஒவ்வொன்றிலும் 200 ரூபாய், கம்பெனிப் பணம். மேலாளருக்கும் அதே கவர், பேன்ட்ரி அக்காவுக்கும் அதே கவர். அந்தப் பணத்துக்குள் பரிசு. சொந்தக் காசு ஒரு ரூபாய்கூடச் சேர்க்கக் கூடாது. சேர்த்தவர் கண்டுபிடிக்கப்பட்டால் அடுத்த வருடம் அவரை ஃபன் கமிட்டியில் போட்டுவிடலாம், அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தோன்றவில்லை.

விலை கூடினால் பரிசு நன்றாக அமையும் என்று நினைப்பவர்கள் உங்களில் உண்டு. 1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் தன் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கு வந்த பொருள்களின் விலை என்ன, அவற்றை நீங்களே வாங்குவதாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள்? இரண்டுக்கும் இடையே பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அடிபட்டுப் போகிறது என்று கணக்குப் போட்டார். நெருங்கிய நண்பர்கள் கொடுத்ததில் சேதாரம் குறைவு. தாத்தா பாட்டி, அத்தை மாமா வகையறா கொடுத்ததில் அதிகம். ஆபீஸ்காரர்கள் எந்த வகை என்று அவர் சொல்லவில்லை. என் மேசை இழுப்பறையில் நான்கு காபி குவளைகள் கிடக்கின்றன, நான்கு டிசம்பர்கள். நான் காபி குடிப்பதில்லை என்பது மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது.

நம் ஊர் வழக்கத்தில் மொய்க்கு நோட்டுப் போடுவார்கள். யார் எவ்வளவு செய்தார் என்பது எழுத்தில் இருக்கும், அடுத்த விசேஷத்தில் கூட்டி வைத்துத் திரும்ப வரும். பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் அதற்கென்றே விருந்து வைக்கிறார்கள். அங்கே தொகைக்கு ஓர் அர்த்தம் உண்டு, அது கைமாற்று மாதிரி. கொடுப்பவர் முகத்தை மறைத்துக்கொண்டு விளையாடும் ஆட்டத்தில் தொகையைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

இந்த ஆட்டம் எனக்குப் புதிதல்ல. பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது இதைக் கிரிஸ்மா, கிரிஸ்சைல்டு என்போம். டிசம்பர் முதல் வாரம் சீட்டு எடுப்போம். கையில் வந்த பெயர் நமக்குக் கிரிஸ்சைல்டு, அவளுக்கு நாம் கிரிஸ்மா. நாம் யார் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. இரண்டு வாரம் மூன்றாவது ஆள் மூலம் துண்டுச்சீட்டு போகும்: "நாளைக்கு மெஸ்ஸில் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்று", "ரெட்டைச் சடை போட்டு வா", "வார்டனிடம் இன்று அழகாக இருக்கிறீர்கள் என்று சொல்." செய்தால் தலையணைக்கு அடியில் ஒரு ஆரஞ்சு மிட்டாய். கடைசி நாள் ஒரு பரிசு, முப்பது ரூபாய்க்குள். 2003 டிசம்பரில் என் கிரிஸ்மா எனக்குக் கொடுத்தது பத்து இன்லேண்ட் லெட்டர். அப்போது ஒன்று இரண்டரை ரூபாய், மொத்தம் இருபத்தைந்து. பத்திலும் எங்கள் அம்மாவின் விலாசத்தை அவளே எழுதிவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் அறை அறையாகப் போய், "ஒரு இன்லேண்ட் இருந்தா குடேன், அப்புறம் தாரேன்" என்று நிற்பதை அவள் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். விலாசத்துக்கு எங்கே போனாளோ, இன்று வரை சொல்லவில்லை. அந்த இரண்டு வாரம்தான் ஆட்டமே. நாம் அதை எடுத்துவிட்டு, கடைசி அரை மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே சீட்டு எடுப்பதை 1ஆம் தேதியை ஒட்டி வையுங்கள். ஆளைக் கவனிக்க மூன்று வாரமாவது கிடைக்கும்.

சீட்டு எடுக்கும் முறை பற்றியும் ஒன்று. போன முறை மூன்று தடவை குலுக்கினோம், ஒவ்வொரு தடவையும் யாராவது தன் பெயரையே எடுத்துக்கொண்டு முழித்தார்கள். அது ராசிக்கோளாறு இல்லை. இப்படிக் குலுக்கினால் யாரோ ஒருவருக்காவது தன் பெயரே விழுவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 63. இருபது பேர் இருந்தாலும் 63தான், 64 பேர் இருந்தாலும் 63தான். அதனால் இப்படிச் செய்யுங்கள். 64 அட்டை எடுத்து 1 முதல் 64 வரை எண் போடுங்கள், ஒவ்வொரு அட்டையின் மேல்பாதியிலும் கீழ்ப்பாதியிலும் அதே எண். கவிழ்த்துப் போட்டுக் கலைத்து வரிசையாக அடுக்குங்கள். குறுக்கே இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதிகளை மட்டும் வரிசையில் ஒரு இடம் வலப்பக்கம் நகர்த்துங்கள். கடைசியில் மிஞ்சுவது முதலிடத்துக்கு வரும். நேரெதிரே நிற்கும் இரண்டு பாதியையும் சேர்த்து 200 ரூபாய்க் கவருக்குள் போடுங்கள். கவரை எடுப்பவருக்கு மேல் எண் அவருடையது, கீழ் எண் அவர் பரிசு கொடுக்க வேண்டியவருடையது. போர்டில் தன் எண்ணுக்கு நேரே தன் பெயரை எழுதினால் முடிந்தது. தன்னையே எடுக்க வழி இல்லை, யாருக்கு யார் என்பது கலைத்துப் போட்ட உங்களுக்கும் தெரியாது.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டும் ஒட்டட்டும், மூன்றே வரி. சொந்த ஊர் எது? சாப்பிடக் கூடாதது என்ன? வாங்க வேண்டும் வாங்க வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும், 200 ரூபாய்க்குள் அடங்கும் பொருள் எது? இரண்டாவது வரி இல்லாததால்தான் சர்க்கரை நோய்க்காரர் ஒருவருக்குப் போன வருடம் ரெண்டு கிலோ சாக்லேட் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது வரி என் தலைப்பிள்ளை. நான் நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டி அண்ணனிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். "மங்கி கேப் மேடம். போன மார்கழியிலேயே வாங்கணும்னு இருந்தேன்" என்றார். ரங்கநாதன் தெருவில் தள்ளுவண்டியில் தொங்கும் குல்லாதான். ஒரு வருடமாக அவர் அதை வாங்கவில்லை.

இனி உங்கள் வழக்கமான கேள்வி: இந்தக் காலத்தில் 200 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்? ஆன்லைனில் தேடினால் குவளையும் வாசனை மெழுகுவர்த்தியும்தான் கிடைக்கும். கொஞ்சம் வெளியே வாருங்கள். நம்மில் பாதிப் பேர் மாதம் ஒருமுறையாவது ஊருக்கு ரயிலேறுகிறவர்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் போகிற பாதையிலேயே கோவில்பட்டிக் கடலைமிட்டாய், சாத்தூர்ச் சேவு, மணப்பாறை முறுக்கு மூன்றும் இருக்கின்றன. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இலும் மணப்பாறை முறுக்குக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. மரியாதைக்குரிய பண்டங்கள்தான், கூச்சப்படாமல் கொடுக்கலாம். இதிலும் ஊர்ச் சீட்டைப் பார்த்துக் கொடுப்பது ஒரு தனி ருசி. கோவில்பட்டிக்காரருக்கே கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொடுத்தால் சிலர் கண் கலங்குவார்கள், சிலர் "எந்தக் கடை?" என்று கேட்டுக் குறை சொல்வார்கள். இரண்டுமே நல்ல பேச்சுதான்.

செடி கொடுக்கலாம். பணம் கொடுத்துச் சட்டியோடு வாங்க வேண்டியதே இல்லை. மணிபிளான்ட்டில் கணுவோடு ஒரு துண்டு நறுக்கி ஹார்லிக்ஸ் பாட்டில் தண்ணீரில் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விட்டுவிடும். ஓமவல்லியை ஒடித்து மண்ணில் செருகினாலே போதும், அதுவும் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த ஈரத்தில். முதல் வாரம் சீட்டு எடுத்தால் 24ஆம் தேதிக்கு இலை துளிர்த்திருக்கும். கவரில் இருக்கும் 200 ரூபாய் அப்படியே மிஞ்சுமே என்றால், அதையும் சட்டிக்கு அடியில் வைத்துக் கொடுங்கள், யார் வேண்டாம் என்பார்?

படிக்கிறவர் பெயர் விழுந்தால் உங்களுக்கு யோகம். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதை (பாரதி சாலை என்று பெயர் மாறி எவ்வளவோ காலம் ஆகியும் என் வாயில் இதுதான் வருகிறது), சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் கடைகள். பழைய மூர் மார்க்கெட் கட்டடம் 1985இல் எரிந்துபோனது, புத்தகக்காரர்கள் போகவில்லை. 200 ரூபாயில் இரண்டு புத்தகம் வாங்கி, பேரம் பேசத் தெரிந்தால் டீயும் குடித்துவிட்டு வரலாம். முதல் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் பச்சை மையில் பெயரெழுதியிருந்தால் இன்னும் விசேஷம்.

"கூப்பன்" கொடுப்பது பற்றிப் போன வருடம் யாரோ பேசினீர்கள். "ஒருநாள் உன் ஷிஃப்டை நான் பார்க்கிறேன்", "எக்ஸெல் கற்றுத் தருகிறேன்" என்று அட்டையில் எழுதிக் கொடுப்பது. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. கொடுத்தவரும் மறப்பார், வாங்கியவரும் கேட்கக் கூச்சப்படுவார். தேதி போட்டுக் கொடுத்தால் ஒப்புக்கொள்கிறேன்: "ஜனவரி 14, உன் சப்போர்ட் ஷிஃப்ட் என்னுடையது." பொங்கலுக்கு முந்தின நாள் ஊருக்குப் போக வேண்டியவனுக்கு இதைவிடப் பெரிய பரிசை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கவருக்கும் காசு இல்லை, மேலிடம் ஒப்பவில்லை என்று நீங்கள் கைவிரித்தால் என்னிடம் இன்னொரு வழி இருக்கிறது. அதற்கு ஒரு பைசா செலவில்லை. வீட்டில் வேண்டாமல் கிடப்பதைக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் ஆட்டம். மேலைநாட்டில் இதை வெள்ளை யானை என்கிறார்கள். சயாம் அரசர் தனக்குப் பிடிக்காதவருக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பாராம், அதற்குத் தீனி போட்டே அவர் ஓட்டாண்டி ஆவாராம். கதைதான். நமக்கு இது யானையைவிட நன்றாகத் தெரிந்த ஒரு பொருளில் புரியும்: நவராத்திரி ஜாக்கெட் பிட். மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கொலுவில் வெற்றிலை பாக்கோடு புறப்படும் துணி ஒன்பது வீடு சுற்றி, சில சமயம் புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேரும். யாரும் தைப்பதில்லை, யாரும் தூக்கிப்போடுவதுமில்லை. அதையே ஆட்டமாக வைத்துக்கொள்வோம். வீட்டில் சும்மா கிடக்கும், பிரிக்காத, வேலை செய்யும் பொருள் ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவரட்டும். கம்பெனி முத்திரை குத்தியது கூடாது. தீபாவளி ஸ்டிக்கர் கட்டாயம் கூடாது.

அந்த ஆட்டத்தில் ஒருவர் பிரித்த பரிசை அடுத்தவர் பறித்துக்கொள்ளலாம் என்று விதி. நம் அலுவலகத்தில் அது நடக்காது. மேலாளர் கையில் இருப்பதைப் பிடுங்க எந்த டிரெய்னி வருவான்? பேன்ட்ரி அக்கா யாரிடமும் பிடுங்க மாட்டார். அதனால் பொறுப்பைத் தாயக்கட்டை மேல் போட்டுவிடலாம். எல்லோரும் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வட்டமாக உட்கார வேண்டும். வரிசையாக உருட்ட வேண்டும். தாயம் விழுந்தால் யாரிடம் இருப்பதை வேண்டுமானாலும் கேட்டு மாற்றிக்கொண்டே ஆக வேண்டும், மறுக்க முடியாது. பன்னிரண்டு விழுந்தால் மொத்த வட்டமும் கையில் இருப்பதை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். வேறு எது விழுந்தாலும் சும்மா இருக்க வேண்டும். இரண்டு கட்டை உருட்டினால் தாயத்துக்கு எட்டில் ஒரு வாய்ப்பு, பன்னிரண்டுக்குப் பதினாறில் ஒன்று. 64 பேர் ஆளுக்கொரு முறை உருட்டினால் எட்டுத் தாயம், நான்கு பன்னிரண்டு என்று ஏறக்குறைய வரும், ஒரு மணி நேரக் கூச்சலுக்குத் தாராளம். மேலாளரின் பொட்டலம் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்குப் போனால் அது அக்கா கேட்டது இல்லை, கட்டை சொன்னது.

பரிசைச் சுற்றும் தாள் பற்றி நீட்ட விரும்பவில்லை. பளபளக்கும் தாள் மறுசுழற்சிக்குப் போகாது, அதைப் பொறுக்குவது யார் என்றும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் போதும், இல்லையென்றால் மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்று தொடங்கியபோது கேலி செய்தவர்களில் நானும் ஒருத்தி. கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரம் வைத்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். பரிசைப் பிரித்த பிறகும் அதில் காய்கறி வாங்கலாம்.

உங்களுக்கு வேலை கூடும் என்று தெரியும். அட்டை வெட்ட, கவர் போட நான் வருகிறேன். தாயக்கட்டை எங்கள் ஆச்சியுடையது, பித்தளை, நான் கொண்டுவருகிறேன், பத்திரமாகத் திரும்பி வர வேண்டும். 200 ரூபாய்க்கு ஒப்புதல் வாங்கும் காகிதத்தை நானே தயாரித்து வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. குவளைகள் நான்கும் ஜாக்கெட் பிட் ஆட்டத்துக்குத் தயார்.

என் சீட்டையும் இப்போதே நிரப்பிவிடுகிறேன். ஊர்: பாளையங்கோட்டை. சாப்பிடக் கூடாதது: ஒன்றுமில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் பொருள்: குக்கர் கேஸ்கெட், ஐந்து லிட்டர், வெளிமூடி.

இப்படிக்கு,
அக்கவுன்ட்ஸில் ஜன்னலோர மேசைக்காரி